நாலாயிரம் ரூபாயும் ஒரு பழைய கனெக்டிங் ராடும்

எங்கள் மாட்டுக்கொட்டகை நடுக்காலில் ஒரு கனெக்டிங் ராடு தொங்குது. தலைக்கயிறு, மூக்கணாங்கயிறு, மழைக்கோணி எல்லாம் அதில்தான் மாட்டுவோம். கீழ்ப்பக்கம் பாதி இல்லை, உடைஞ்ச இடம் இன்னமும் பல்லு பல்லாத்தான் இருக்கு. பட்டணத்திலிருந்து வர்ற நண்பர்கள் அதைத் தொட்டுப் பார்த்து, "இது என்னங்க, பழங்கால ஆயுதமா?" என்று கேட்பார்கள். ஒரு வகையில் ஆயுதம்தான். 1983 தை மாசம் ஒரு ராத்திரி எங்க ஆயில் எஞ்சினோட வயித்தைக் கிழிச்சுக்கிட்டு வெளியே வந்தது அது. அந்த வருஷத்து சம்பாவில் பாதிக்கு மேல் அதோடு போச்சு. அம்மாவோட தோடும் போச்சு.

கையில் இருக்கிற கொஞ்சக் காசுக்கு எஞ்சினுக்குள்ளே எந்தப் பாகத்தை மாத்தறது, எதை நல்லதாப் போடறது, எதை அப்படியே விடறது? பைக் வெச்சிருக்கிற உங்களுக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கும். எங்களுக்கு இது விளைச்சல் வீட்டுக்கு வருமா வராதா என்கிற கேள்வி. எங்க வீட்டில் இதுக்கு முப்பது வருஷ இடைவெளியில் ரெண்டு பதில் சொன்னோம். முதல் பதில் தப்பு. அது ஏன் தப்புன்னு புரிய எனக்கு எஞ்சினோட வரலாறே தேவைப்பட்டது.

கடைமடையும் எஞ்சினும்

எங்க ஊர் நாகப்பட்டினம் மாவட்டத்துக் கடைமடை, தலைஞாயிறு பக்கம். காவிரித் தண்ணி மேட்டூரில் கிளம்பி, கல்லணையில் பிரிஞ்சு, ஆறு, வாய்க்கால், கிளை வாய்க்கால்னு எல்லாருக்கும் கொடுத்துட்டு கடைசியில் எங்களைப் பார்க்க வரும். மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிஞ்சது. ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடறதுதான் வழக்கக் கணக்கு. கணக்குப்படி தண்ணி வந்த வருஷம் குறைவு. வந்தாலும் வாய்க்கால் மட்டம் வயலைவிடத் தாழ்ந்துதான் கிடக்கும், தானாப் பாயாது.

அந்தக் காலத்தில் ரெண்டு பேர் எதிரெதிரா நின்னு கயிறு கட்டின இறைகூடையை வீசி வீசி வயலுக்குத் தண்ணி ஏத்தினாங்க. தாத்தாவின் கையில் கயிறு அறுத்த தழும்பை நான் பார்த்திருக்கிறேன். ஏன் மோட்டார் போடலைன்னு கேட்பீங்க. கடல் பக்கம் என்பதால் எங்க நிலத்தடி நீர் உப்பு. போர் போட்டால் உப்புத் தண்ணிதான் வரும். வாய்க்கால் கரையில் கரண்ட் கம்பம் கிடையாது. இன்னிக்கு இந்த மதகு, நாளைக்கு அந்த வடிகால் என்று தண்ணி கிடக்கிற இடத்துக்கு நாமதான் போகணும். அதுக்கு வண்டியில் ஏத்திக்கிட்டுப் போற ஆயில் எஞ்சின்தான் சரி.

1960இல் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தஞ்சாவூர் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தாங்க. அப்போ நாங்களும் தஞ்சாவூர் மாவட்டம்தான். 'பேக்கேஜ் திட்டம்' என்று பெரியவர்கள் இன்னமும் சொல்வாங்க. புது விதை, உரம், அதோடு கடன். புது ரகங்களுக்கு வேளை தவறாமல் தண்ணி வேணும். ஆத்துத் தண்ணியை நம்பி வேளை குறிக்க முடியாது. அந்த இடைவெளியில் நுழைஞ்சதுதான் ஆயில் எஞ்சின். தாத்தா 1971இல் நிலவள வங்கிக் கடனில் எங்க முதல் எஞ்சினை வாங்கினார். ரெண்டு பக்கமும் ரெண்டடி விட்டத்தில் கனத்த சக்கரம், நிமிஷத்துக்கு 650 சுத்து, 6 குதிரைத்திறன். நிதானமா டுக்கு... டுக்கு... டுக்குன்னு ஓடும். ஊர் எல்லையில் நின்னாலே நம்ம எஞ்சின் ஓடுதா இல்லையான்னு தெரியும்.

அந்த வடிவம் இங்கிலாந்துக்காரங்களோடது. டர்ஸ்லி என்ற ஊரில் லிஸ்டர் கம்பெனி 1930 வாக்கில் செய்ய ஆரம்பிச்ச 'கோல்டு ஸ்டார்ட்' எஞ்சினின் சாயல். பேருக்கு அர்த்தம் இருக்கு. அதுக்கு முன்னாடி வந்த எஞ்சின்களில், ஆக்ராய்டு ஸ்டூவர்ட் 1890இல் காப்புரிமை வாங்கின வகை மாதிரி, தலையில் இருக்கிற குண்டை விளக்கு வெச்சுச் சூடு பண்ணின பிறகுதான் ஓட்ட முடியும். ருடால்ஃப் டீசல் 1897இல் ஓட்டிக் காட்டின எஞ்சினுக்கு அந்த விளக்கு தேவையில்லை. காத்தை நல்லா அமுக்கினாலே அது கொதிக்கும், அந்தச் சூட்டில் எண்ணெய் தானாப் பத்திக்கும். லிஸ்டர் அதையே ஒரு விவசாயி கையால் சுத்திக் கிளப்பற அளவுக்குக் கொண்டு வந்தது. ராஜ்கோட் பட்டறைகள் அதே மாதிரியை வார்த்து இந்தியா முழுக்க அனுப்பின. இன்னொரு பக்கம் 1946இல் புனேயில் கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் கம்பெனி ஆரம்பிச்சது. பின்னாடி வந்த 1500 சுத்து எஞ்சின்கள் எடை குறைஞ்சு, ரெண்டு ஆள் கொம்பில் கட்டித் தூக்கற அளவுக்கு வந்துடுச்சு.

காத்தை அமுக்கினால்தான் பத்தும் என்கிறதை மட்டும் நினைவில் வெச்சுக்கங்க. டீசல் எஞ்சினோட உயிரும் நோவும் அதில்தான் இருக்கு.

1983

அந்த வறட்சியைச் சென்னைக்காரங்க தண்ணி லாரியை வெச்சு ஞாபகம் வெச்சிருப்பாங்க. எங்களுக்குப் பயிரை வெச்சு. தை மாசம், சம்பா கதிர் வாங்கி நிக்குது, வாய்க்காலில் முழங்காலுக்குக் கீழே தண்ணி. எஞ்சின் கிளம்ப மறுத்தது. நாலு பேர் மாத்தி மாத்திக் கைப்பிடி சுத்தினா ஒரு தடவை கிளம்பும். கிளம்பினா வானம் தெரியாத அளவுக்கு நீலப் புகை. அதோட உள்ளேயிருந்து 'டொக்கு டொக்கு'ன்னு ஒரு சத்தம்.

அப்பா அம்மாவோட தோட்டை அடகு வெச்சுப் பணம் கொண்டு வந்தார். அந்தக் காசுக்கு ரெண்டில் ஒண்ணுதான் செய்யலாம்னு மெக்கானிக் சொன்னார். புது லைனர், பிஸ்டன், ரிங் போடலாம். இல்லேன்னா கிராங்கைக் கழட்டி, ராடோட பெரிய முனைப் பேரிங்கை மறுபடி வார்த்து, போல்ட்டும் மாத்தலாம்.

"சத்தம் போட்டாப் போடட்டும்யா. எனக்குத் தண்ணி இறைக்கணும், புகை நிக்கணும்" என்றார் அப்பா. அவர் மேல் தப்புச் சொல்ல முடியாது. புகை கண்ணுக்குத் தெரியுது, சத்தம் பழகிப் போயிருந்தது.

புது லைனர் போட்டதும் ஒரே சுத்தில் எஞ்சின் கிளம்பிச்சு. ஊரே வந்து பார்த்தது. மூணு நாள் ராவும் பகலும் ஓடுச்சு. நாலாம் நாள் ராத்திரி வெடி வெடிச்ச மாதிரி ஒரு சத்தம். நாங்க ஓடிப் போறதுக்குள்ளே சக்கரம் ரெண்டும் நின்னு போச்சு. ராடு போல்ட்டு அறுந்து, ராடு பிளாக்கை உடைச்சுக்கிட்டு வெளியே நீட்டிக்கிட்டு இருந்தது. சம்ப் ஆயில் முழுக்க வரப்பில். புது லைனர், புது பிஸ்டன் எல்லாம் தூள். எனக்கு அப்போ பத்து வயசு. அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் அப்பா அந்த ஓட்டைக்குள்ளே கையை விட்டுப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தது மறக்கலை.

வார்ப்பிரும்பு பிளாக்கை ஒட்ட வைக்க முடியலை. ஏழு மாவில் நாலு மா காஞ்சது. தோடு அடகுக் கடையிலேயே மூழ்கிடுச்சு.

உள்ளே இருக்கிற ஒவ்வொண்ணுக்கும் ஒரு கதை

பின்னாடி எனக்கு எஞ்சின் மேல் ஒரு வெறியே வந்துடுச்சு. கிடைச்ச பழைய புஸ்தகத்தையெல்லாம் படிச்சேன், லேத் பட்டறையில் போய் உட்கார்ந்தேன். ஒவ்வொரு பாகமும் ஒரு குறிப்பிட்ட நட்டத்தை நிறுத்தத்தான் பொறந்திருக்கு. அந்தக் கதை தெரிஞ்சா எதுக்குக் காசு போடணும்னு தானாப் புரியும்.

முதல்ல பேரிங். சுத்தற இரும்பை இன்னொரு இரும்பு தாங்கினா ரெண்டும் ஒண்ணையொண்ணு தின்னும். 1839இல் அமெரிக்காவில் ஐசக் பாபிட் என்பவர் வெள்ளீயத்தோடு கொஞ்சம் ஆண்டிமணியும் செம்பும் சேர்த்து மெத்துன்னு ஒரு உலோகம் செஞ்சார். நம்ம மெக்கானிக்குகள் 'ஒயிட் மெட்டல்' என்பது அதைத்தான். மண்ணோ இரும்புத் துகளோ வந்தாத் தனக்குள்ளே புதைச்சுக்கும், கிராங்கைக் கீற விடாது. தான் தேய்ஞ்சு கிராங்கைக் காப்பாத்தும். அதனாலே அது என்னிக்காவது தேஞ்சே தீரும். அப்பா காலத்தில் அதை உருக்கி ஊத்தி, நீல மை தடவி, கையால் சுரண்டி உட்கார வைப்பாங்க. ஒரு நாள் முழுக்க ஆகும். இப்போ கடையில் மெல்லிசான ஓடு மாதிரி ரெண்டு பாதியாக் கிடைக்குது, மாத்தறது அரை மணி வேலை.

ரெண்டாவது ரிங். ஆரம்ப கால நீராவி எஞ்சின்களில் பிஸ்டனைச் சுத்தி சணல் கயிறு திணிச்சுக் கொழுப்பு தடவுவாங்க. ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற இங்கிலாந்து ரயில்வே எஞ்சினியர் 1854இல், ஒரு இடத்தில் வெட்டு விட்ட உலோக வளையத்தைப் பத்தி எஞ்சினியர் சங்கத்தில் எடுத்துச் சொன்னார். விரிச்சுப் பள்ளத்தில் மாட்டினா தானே விரிஞ்சு சுவரோடு ஒட்டும். இதில் ஒரு அழகு உண்டு. ரிங்கோட சொந்த விறைப்பு ஆரம்பத்துக்குத்தான். மேலேயிருந்து அழுத்தற காத்தே ரிங்குக்குப் பின்னாடி போய் அதைச் சுவரோடு அமுக்கும். அழுத்தம் கூடக் கூடப் பிடியும் கூடும். அதுக்கு ரிங் வழவழன்னு இருக்கணும், சுவர் வட்டமா இருக்கணும்.

மூணாவது அந்தச் சுவர், அதாவது லைனர். இது மேலேயிருந்து கீழே வரைக்கும் ஒரே மாதிரி தேயாது. பிஸ்டன் மேலே போய்த் திரும்பற இடத்தில்தான் சூடும் அழுத்தமும் அதிகம், ஆயிலும் அங்கே குறைவு. அதனாலே மேலே அகன்டு கீழே குறுகி, அடி சிறுத்த குவளை மாதிரி ஆகும். ரிங் தொடாத உச்சியில் தேய்மானம் இல்லாமல் ஒரு வரப்பு நிக்கும். பழைய எஞ்சின்களில் பிளாக்கையே லேத்தில் ஏத்திக் குடைஞ்சு, 20 தௌ, 30 தௌ பெரிசா பிஸ்டன் போடுவாங்க. ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கழட்டி மாத்தற லைனர் வந்த பிறகு பிளாக்கை அசைக்காமலே வேலை முடியுது. எங்களை மாதிரி வயல்காரனுக்கு எஞ்சின்காரங்க செஞ்ச பெரிய உபகாரம் அது.

நாலாவது பிஸ்டன். பழைய மெதுவான எஞ்சினுக்கு இரும்பு பிஸ்டன் பாரமில்லை. சுத்தைக் கூட்டினாத்தான் வம்பு. 600 சுத்திலிருந்து 1500க்குப் போனா வேகம் ரெண்டரை மடங்குதான். ஆனா அதே எடை பிஸ்டன் ராடை இழுக்கிற இழுவை ஆறு மடங்குக்கு மேலே ஏறும். 1913 வாக்கில் டபிள்யூ. ஓ. பென்ட்லி அலுமினியம் கலந்த பிஸ்டனைக் கார் எஞ்சினில் போட்டு ஜெயிச்சுக் காட்டினார். இரும்பில் பாதிக்கும் குறைந்த எடை, சூட்டைச் சீக்கிரம் கடத்தும். ஆனா சூட்டில் இரும்பைப் போல ரெண்டு பங்கு விரியும். அதனாலே குளிர்ந்து இருக்கும்போது இடைவெளி கொஞ்சம் கூடவே விடணும். புதுசு போட்ட ஆசையில் தண்ணி சரியா சுத்தாமல் ஓட்டினா 'ஜாம்' ஆகறது இதனாலேதான்.

அஞ்சாவது நாசிலும் பம்பும். டீசல் காலத்தில் எண்ணெயை உள்ளே ஊத அழுத்தக் காத்துக்குத் தனி கம்பிரஸரே வேணும், வீடு அளவுக்கு எஞ்சின் ஆகிடும். 1927இல் ராபர்ட் போஷ் கம்பெனி சின்ன பம்பைப் பெரிய அளவில் செய்ய ஆரம்பிச்ச பிறகுதான் டீசல் எஞ்சின் லாரிக்கும் டிராக்டருக்கும் வரப்புக்கும் வந்தது. 1951இல் பெங்களூரில் மைக்கோ ஆரம்பிச்சதும் அந்தப் பம்பும் நாசிலும் நமக்கு உள்நாட்டிலேயே கிடைச்சது. நாசில் நல்லா இருந்தா டீசல் பனி மாதிரி தூவும். கெட்டுப் போனாச் சொட்டும். சொட்டின டீசல் பாதி எரிஞ்சு கரும்புகையாப் போகும். நம்ம காசு கறுப்பா வானத்துக்குப் போகறது அது.

இதில் எனக்குத் தெரிஞ்ச ஒண்ணு: தேய்ஞ்சா நட்டம் தர்ற பாகம் வேற, உடைஞ்சாக் குடியைக் கெடுக்கிற பாகம் வேற. ரிங், லைனர், பிஸ்டன், நாசில் எல்லாம் முதல் வகை. தேய்ஞ்சா ஆயில் குடிக்கும், டீசல் குடிக்கும், கிளம்ப அடம் பிடிக்கும். ஆனா சொல்லிக்கிட்டே, புகையாக் காட்டிக்கிட்டே தேயும். பேரிங்கும் ராடு போல்ட்டும் ரெண்டாவது வகை. விலை கம்மி. போனாத் தன்னோடு எல்லாத்தையும் கூட்டிக்கிட்டுப் போகும். அப்பா முதல் வகைக்குக் காசு போட்டார். அதுலேயும் ஒரு கொடுமை, புது ரிங்கும் லைனரும் போட்டதும் எஞ்சின் முழு பலத்தோடு உதைச்சது. அந்த உதையை வாங்கினது ஏற்கனவே ஆடிக்கிட்டு இருந்த பேரிங். ஓட்டை வழியா அழுத்தம் ஒழுகிக்கிட்டு இருந்த வரைக்கும் பிழைச்சுக் கிடந்த ராடு, எஞ்சின் நல்லா ஆனதும் செத்துப் போச்சு.

2013

முப்பது வருஷம் கழிச்சு அதே தை மாசம். 2012இல் ஜூன் போய், ஜூலை போய், செப்டம்பரில்தான் மேட்டூர் திறந்தாங்க. குறுவை இல்லை. சம்பா தாமதமா நட்டு, ஜனவரியில் கதிர் பால் பிடிக்கிற நேரம் வாய்க்கால் வத்த ஆரம்பிச்சது. எங்க ஏழு மாவிலும் சி.ஆர். 1009. நூத்தி ஐம்பது நாளுக்கு மேலே போகிற நெல். பால் பிடிக்கிற நேரத்தில் தண்ணி இல்லேன்னா பதர்தான்.

இப்போ எங்ககிட்ட இருக்கிறது 1500 சுத்து, 5 குதிரைத்திறன் எஞ்சின். செகண்ட் ஹேண்டில் வாங்கினது. கம்பெனிப் பேர்த் தகடு எப்பவோ விழுந்து போச்சு. கிளம்ப மாட்டேங்குது, நீலப் புகை, லேசா 'டொக்கு'. வாடகை எஞ்சினுக்கு ஊரே வரிசை. என் கையில் நாலாயிரம் ரூபாய். அதுக்கு மேலே கடன் கேட்க ஆள் இல்லை, ஏற்கனவே உரக்கடையில் பாக்கி.

மெக்கானிக் அண்ணன் வாய்க்கால் கரையிலேயே ஹெட்டைக் கழட்டினார். ஒரு புது ரிங்கை லைனருக்குள்ளே விட்டு, அதோட வெட்டு வாயை ஃபீலர் கேஜால் அளந்தார். அடியில் 0.4 மி.மீ., மேலே 1.1 மி.மீ.

"இந்த 0.7 வித்தியாசம் இருக்குல்ல தம்பி, அதை மூணு சொச்சத்தால வகு. மேலே லைனர் 0.2 மி.மீ. சில்லறை அகன்டிருக்கு" என்றார். வட்டம் கொஞ்சம் அகன்டாலும் வாய் மூணு பங்கு அகலும். நம்ம பள்ளிக்கூடத்துப் பைதான் கணக்குத்தான்.

"லைனர் செட்டே மாத்தணும் அண்ணே?"

"மாத்தறதுதான் முறை. பிஸ்டன், லைனர், ரிங், பின் எல்லாம் சேர்த்து 2,200 ஆகும். ரிங் மட்டும்னா 450."

அப்போதான் அப்பா வந்தார். எழுபது தாண்டிட்டார், கண் பார்வை மங்கல். எஞ்சின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, வேற எதையும் கேட்கலை. "ராடு போல்ட்டைப் பாத்தியாடா?" என்று மட்டும் கேட்டார்.

பக்கக் கதவைத் திறந்து ராடோட கீழ் மூடியைக் கழட்டினோம். பேரிங் ஓட்டில் மேலே இருக்க வேண்டிய சாம்பல் பூச்சு போய், அடியில் செம்பு நிறம் தெரிஞ்சது. அப்பா விரலால் தடவிப் பார்த்தார். கிராங்க் பின் மட்டும் கீறல் இல்லாமல் வழவழன்னு இருந்தது. மைக்ரோமீட்டர் வெச்சு நாலு பக்கமும் அளந்ததில் வட்டம் கெடலை. கிராங்கைக் கழட்டி கிரைண்டிங் போடற செலவு தப்பிச்சது.

ரெண்டு கணக்கு போட்டேன். லைனர் செட், பேரிங், போல்ட்டு, நாசில், கேஸ்கட், ஆயில், கூலி எல்லாம் சேர்த்தா 4,500 தாண்டும். கையில் இருக்கிறதுக்கும் மேலே. எல்லாம் புதுசா இருக்கும், டீசல் ஊத்தக் காசு இருக்காது. இந்த இடத்தில்தான் நிறைய பேர் வழுக்கி விழறாங்க. டீசலும் பட்ஜெட்டில் ஒரு பாகம்தான். எஞ்சின் எதுக்கு? தண்ணிக்கு.

ரெண்டாவது கணக்கு இப்படி. பேரிங் 280, ராடு போல்ட்டு ரெண்டு 120, சாதாரண ரிங் செட் 450, நாசில் 220, கேஸ்கட் செட் 160, வால்வு தேய்க்கிற பேஸ்ட் 40, ஆயில் 700, கூலி 800. மொத்தம் 2,770. மீதி 1,230. அப்போ டீசல் ஐம்பது ரூபாய் பக்கம், இருபத்து நாலு லிட்டர் வாங்கலாம். எஞ்சின் ஒழுங்கா ஓடினா மணிக்கு ஒண்ணேகால் லிட்டருக்குள் குடிக்கும். பத்தொன்பது, இருபது மணி நேரம். வெடிச்சுக் கிடக்கிற ஏழு மாவை ஒரு தடவை நனைக்க ஒன்பது மணி நேரம். ஆக ரெண்டு தண்ணி. பால் பிடிச்சு முத்த அது போதும்.

கடைக்காரர் ஆசை காட்டினார். "குரோம் ரிங் போடுங்க, ரெண்டு பங்கு விலைதான், உழைக்கும்." குரோம் பூச்சு ரிங் ரெண்டாம் உலகப் போர்க் காலத்து விமானம், டாங்கி எஞ்சின்களில் பேர் வாங்கின சரக்கு. நல்ல பொருள்தான். ஆனா அது புது லைனருக்கு. தேஞ்சு வளைஞ்ச சுவரில் கடினமான ரிங் போய் ஒட்டாது. சாதாரண வார்ப்பிரும்பு ரிங் கொஞ்சம் தேஞ்சு சுவருக்கு ஏத்த மாதிரி உட்கார்ந்துக்கும். விலை கூடினது என்பதால் மட்டும் ஒரு பாகம் நம்ம எஞ்சினுக்கு மேம்பாடு ஆகிடாது.

இன்னொருத்தர், "கவர்னர் ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டு, சுத்து கூடும், தண்ணி கூட வரும்" என்றார். பத்து சதவீதம் சுத்து கூடினா பம்பு கேட்கிற பலம் முப்பத்து மூணு சதவீதம் கூடும். தேஞ்ச எஞ்சினை அப்படி விரட்டக் கூடாதுன்னு விட்டுட்டேன்.

காசு செலவாகாத வேலைகளை நானே செஞ்சேன். லைனர் உச்சியில் நின்ன வரப்பைச் சுரண்டி எடுத்தேன். அதை விட்டா புது மேல் ரிங் அதில் இடிச்சு உடையும். உள்சுவரில் எமரித் தாளால் குறுக்கும் நெடுக்குமா லேசாக் கோடு போட்டேன், ஆயில் தங்க. ரிங் பள்ளத்துக் கரியைப் பழைய ரிங் துண்டாலேயே சுரண்டினேன். வால்வு ரெண்டையும் சீட்டில் வெச்சுத் தேய்ச்சு, மண்ணெண்ணெய் ஊத்தி ஒழுகுதான்னு பார்த்தேன். மெக்கானிக் அண்ணன் நாசிலை மாத்தி, டாப்பெட் இடைவெளி வெச்சு, போல்ட்டை முறுக்கினார். அப்பா பக்கத்தில் விளக்குப் பிடிச்சுக்கிட்டு இருந்தார்.

சாயந்தரம் மூணாவது சுத்தில் கிளம்பிச்சு. நீலப் புகை கொஞ்சம் இருந்தது, நாலு மணி நேரம் ஓடின பிறகு குறைஞ்சது. சுத்தமாப் போகலை. 'டொக்கு' மட்டும் போயே போச்சு. அப்பா ராத்திரி பதினொரு மணி வரைக்கும் கரையில் உட்கார்ந்து புகையைப் பார்க்காமல் சத்தத்தை மட்டும் கேட்டுக்கிட்டு இருந்தார்.

ரெண்டு தண்ணி கொடுத்தோம். ரெண்டாவது தண்ணி முடியறதுக்குள்ளே வாய்க்கால் வத்திடுச்சு, கடைசி ரெண்டு மாவுக்கு எட்டலை. அது பதராத்தான் போச்சு. அஞ்சு மா வீட்டுக்கு வந்தது. அறுப்பு முடிஞ்சு நெல் போட்ட காசில் முதல் வேலையா லைனர் செட் வாங்கிப் போட்டேன். அதுக்குக் குரோம் ரிங்கே போட்டேன்.

அந்த எஞ்சின் இன்னும் ஓடுது. டீசல் விலை இப்போ அன்னிக்கு இருந்ததுக்குக் கிட்டத்தட்ட ரெண்டு பங்கு. அதனாலே நாசிலை முன்னைவிடச் சீக்கிரம் பார்க்கிறேன். வருஷா வருஷம் ஆடிக்கு முன்னாடி பக்கக் கதவைத் திறந்து, ராடைக் கையால் மேலேயும் கீழேயும் அசைச்சுப் பார்த்துட்டுத்தான் மத்த வேலை. அப்பா இப்போ இல்லை. கொட்டகையில் அந்த ராடைக் கழட்டி இரும்புக் கடைக்குப் போடச் சொல்லி வீட்டில் சொல்வாங்க. கயிறு மாட்ட வேற ஆணி இல்லைன்னு சொல்லித் தள்ளிப் போட்டுக்கிட்டே வர்றேன்.

உங்க பைக் நீலமாப் புகைஞ்சா பயப்படாதீங்க, அது இன்னும் கொஞ்ச நாள் சொல்லிக்கிட்டே ஓடும். அடியில் 'டொக்கு'ன்னு சத்தம் கேட்டா அன்னிக்கே நிறுத்துங்க.